கலந்துபோன தொடர்பு எண்களை மீட்டது எப்படி?

இரட்டைப் பதிவுகளை நீக்கித் தருவதாகச் சொன்ன ஒரு செயலி, ஒரே பெயர் கொண்டவர்களை ஒருவராக்கிவிட்டது. ராஜு பெரியப்பாவை அழைத்தால் பிளம்பர் ராஜு பேசினார்!

முதலில் செல்பேசி அமைப்புகளில் அந்தச் செயலியின் தொடர்பு அனுமதியை நீக்கினேன். பிறகு கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸைத் திறந்து, மாற்றங்களை ரத்துசெய்யும் வசதி மூலம் முந்தைய நாளின் நிலைக்குத் திரும்பினேன். 30 நாட்கள் வரை பின்னோக்கிப் போகலாம். ஆனால் கூகுள் கணக்கில் சேமித்த எண்களுக்கு மட்டுமே இது பொருந்தும். சிம்மில் உள்ளவை திரும்பாது. இடையில் சேர்த்த புதிய எண்களும் மறைந்துவிடும் என்பதால் அவற்றை முன்பே தாளில் எழுதிக்கொண்டேன்.

உண்மையான இரட்டைப் பதிவுகளைக் கூகுளிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து இணைத்தேன். எவ்வளவு நிம்மதி! எல்லா எண்களும் இப்போது விசிஎஃப் (தொடர்பு எண்களைச் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பாக மெமரி கார்டிலும் இருக்கின்றன.