ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப்: ஞாயிற்றுக்கிழமை கையைக் கடிக்கும் தவறுகள்

மியூனிக்குக்கு இன்டர்ன்ஷிப்புக்காக வரும் நம் பிள்ளைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரே மாதிரித் தவறுகளைத்தான் செய்கிறார்கள். நாங்கள் வந்த புதிதில் செய்தவைதான் எல்லாம். எங்களுக்கு அப்போது சொல்ல ஆளில்லை. இவர்களுக்கு இருக்கிறது, ஆனாலும் நடக்கிறது. குளிருக்கு ஜாக்கெட் எடுங்கள், தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பணம் போவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். அன்று கடை கிடையாது, ஊர் திரும்ப வேண்டும், மறுநாள் காலை வேலைக்கும் போயாக வேண்டும்.

இரண்டு டிக்கெட்டை ஒட்டவைத்துத் திட்டம் போடுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

டாய்ச்லாண்ட் டிக்கெட் எல்லோரிடமும் இருக்கும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. மாதம் முழுக்க நாடு முழுவதும் ஆர்இ, ஆர்பி எனப்படும் வட்டார ரயில்கள், எஸ்-பான் (புறநகர் ரயில்), யூ-பான் (மெட்ரோ), டிராம், பஸ் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ, ஐசி மாதிரித் தொலைதூர ரயில்களில் செல்லாது. இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம்தான் அந்த யோசனை வரும்: பாதி தூரம் ஆர்இ-யில் போய்விட்டு, அங்கிருந்து மட்டும் ஐசிஇ-க்கு மலிவான சூப்பர் ஸ்பார்பிரைஸ் டிக்கெட் எடுத்தால் என்ன?

மெக்கானிக்கல் படிக்கும் தம்பி ஒருவன் டிரெஸ்டன் போய்விட்டு ஞாயிறு மாலை இப்படித்தான் கிளம்பினான். லைப்சிக் வரை ஆர்இ, சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கே ஐசிஇ பிடித்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் மியூனிக். ரயில் மாற அவன் விட்டிருந்தது பதினான்கு நிமிடம். ரீஸா தாண்டியதும் ரயில் வயல்வெளியில் நின்றுவிட்டது. லைப்சிக்கில் தண்டவாளங்கள் எல்லாம் ஒரு பெரிய மண்டபத்தில் வந்து முடியும். ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முன்கோடி வரை நடந்து, மண்டபத்தைக் கடந்து, மறுபடி உள்ளே போக வேண்டும். அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சேர்ந்தபோது பிளாட்பாரம் காலி. அங்கிருந்தே போன் செய்தான். "அக்கா, ட்ரெயின் லேட்டானது என் தப்பு இல்லையே? அடுத்த ஐசிஇ-ல ஏறிக்கலாம்ல?"

ஏற முடியாது. சூப்பர் ஸ்பார்பிரைஸ் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். டிரெஸ்டனிலிருந்து மியூனிக் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் கதை வேறு. போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், அடுத்த ஐசிஇ-யில் ஏறி உட்காரலாம். 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் என்றால் 50 சதவீதம் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. அவனிடம் இருந்ததோ ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஒப்பந்தங்கள். ஐசிஇ நேரத்துக்குக் கிளம்பிவிட்டது, பயணி வரவில்லை. கணக்கு அங்கேயே முடிந்தது. சூப்பர் ஸ்பார்பிரைஸை ரத்து செய்து பணம் வாங்கவும் வழியில்லை.

ஆர்இ தாமதமானால் டாய்ச்லாண்ட் டிக்கெட்டைக் காட்டியே ஐசிஇ-யில் போகலாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதை நம்பாதீர்கள். 20 நிமிடத் தாமதச் சலுகை சாதாரண டிக்கெட்டுகளுக்குத்தான். டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதிரி பெரிய தள்ளுபடி டிக்கெட்டுகளை அதிலிருந்து விலக்கிவைத்திருக்கிறார்கள். ரயிலுக்குள் நடத்துநரிடம் டிக்கெட் வாங்குவதும் 2022 தொடக்கத்திலிருந்து தொலைதூர ரயில்களில் இல்லை. கிளம்பிய 10 நிமிடத்துக்குள் ஆப்பில் எடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் அபராதம் குறைந்தது 60 யூரோ.

அன்று அவன் புது டிக்கெட் எடுத்துத்தான் வந்தான். நூறு யூரோவுக்கு மேல். முதலில் மிச்சம் பிடிக்க நினைத்தது பத்துப் பன்னிரண்டு யூரோ. எனக்குக் கோபம் அவன் மேல் இல்லை. இந்த யோசனையை வாட்ஸ்அப் குழுவில் போடும் சீனியர்கள், ரயில் நேரத்துக்கு வந்த நாட்களின் கதையை மட்டுமே சொல்கிறார்கள். கோட்டைவிட்ட நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஊர் திரும்பும் பயணத்துக்காவது ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஒட்டவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் முழுதாக ஒரு மணி நேரம் விடுங்கள், அன்றைய கடைசி ஐசிஇ-யை நம்பாதீர்கள். இல்லையா, டாய்ச்லாண்ட் டிக்கெட்டிலேயே போய்வரக்கூடிய ஊர்களாகப் பாருங்கள். நூரெம்பெர்க், ரேகன்ஸ்பூர்க், கார்மிஷ், சால்ஸ்பர்க் என்று பல வார இறுதிகளுக்குத் தாங்கும்.

எந்தப் பெட்டி என்று பார்க்காமல் ஏறுவது

மியூனிக்கிலிருந்து டேகர்ன்சே ஏரிக்குப் போகும் ரயில் வழியில் பிரியும். ஹோல்ட்ஸ்கிர்ஷெனில் ஒரு பகுதி பைரிஷ்ட்செல் பக்கம் போகும், ஷாஃப்ட்லாஹில் இன்னொரு பகுதி லெங்கிரீஸ் பக்கம் போகும். கூட்டமாக வந்து கிடைத்த கதவில் ஏறினால் பாதிப் பேர் வேறு பள்ளத்தாக்கில் இறங்குவார்கள். பெட்டியின் வெளியே உள்ள திரையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

சால்ஸ்பர்க்குக்கு பாஸ்போர்ட் எடுக்காமல் போவது

டாய்ச்லாண்ட் டிக்கெட் அங்கே வரை செல்லும் என்பதால் ஆஸ்திரியா இன்னொரு நாடு என்பது மறந்துவிடுகிறது. ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லாத் தரைவழி எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. திரும்பும்போது எல்லையை ஒட்டிய ஃப்ரைலாசிங் நிலையத்தில் போலீஸ் ஏறுவார்கள். அசல் பாஸ்போர்ட்டும் விசா அல்லது குடியிருப்பு அட்டையும் கையில் இருக்க வேண்டும். போனில் உள்ள போட்டோ உதவாது.

நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை

டிக்கெட்டில் போட்ட நேரம் தவறினால் உள்ளே விட மாட்டார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து மேலே ஏற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஊர் சுற்றிவிட்டு வந்து சாமான் வாங்கலாம் என்று நினைப்பது

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் கடைகள் மூடிவிடும், திறப்பது திங்கள் காலைதான். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும், ஆனால் ஊரே அங்கேதான் நிற்கும். ஈஸ்டர் சமயத்தில் இன்னும் மோசம்: பெரிய வெள்ளி மூடல், சனி மட்டும் திறப்பு, ஞாயிறும் திங்களும் மறுபடி மூடல். மற்ற வாரங்களில் சனிக்கிழமை ஊருக்குப் போவதென்றால் வெள்ளி மாலையே வாங்கிவிடுங்கள்.

இந்தியக் கடை தூரம் என்று சமைக்காமல் இருக்கவும் வேண்டாம். எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் சிவப்புப் பருப்பு கிடைக்கும். ஊற வைக்காமல், குக்கர் இல்லாமல் இருபது நிமிடத்துக்குள் குழைந்துவிடும், சாம்பாருக்குத் தாராளமாகப் போதும். தயிருக்கு 3.5 சதவீதக் கொழுப்புள்ள சாதா யோகர்ட்டை எடுங்கள். குவார்க் என்று பக்கத்திலேயே அடுக்கியிருப்பது தயிர் அல்ல, அதில் மோர்க்குழம்பு வைத்தால் திப்பிதிப்பியாகத் திரிந்துவிடும். மில்ஷ்ரைஸ் என்ற குட்டை அரிசி தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் அருமை. புளியோதரைக்கு ஆகாது, உதிரியாக வராது. அதற்கு பாஸ்மதியே மேல்.

புளியோதரை கட்டிக்கொண்டு போவதில் கூச்சம் எதற்கு? பவேரியாவின் பழைய வழக்கப்படி நடக்கும் பீர் தோட்டங்களில் சொந்தச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துச் சாப்பிடலாம். குடிக்க ஒரு ஆப்பிள் ஜூஸாவது அங்கே வாங்க வேண்டும், மேசையில் துணி விரிக்காத பகுதியாகப் பார்த்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். கஷ்கொட்டை மர நிழலில், கைக்காசு அதிகம் செலவாகாமல், நிம்மதியான மதியச் சாப்பாடு.

கேஸ் அடுப்பு என்று நினைத்துத் தாளிப்பது

இங்கே பெரும்பாலும் கண்ணாடி மேல்தளம் கொண்ட மின்சார அடுப்பு. கேஸை அணைத்தால் சூடு உடனே நிற்கும், இதில் ஸ்விட்சை அணைத்த பிறகும் தளம் கொதித்துக்கொண்டே இருக்கும். கடுகு வெடித்தது, மிளகாய் போட்டாயிற்று, அணைத்துவிட்டோம் என்று திரும்பினால் மிளகாய் கருகிப் புகை மேலே போகும். கூரையில் புகை உணரி இருக்கும். வீடுகளில் அது கட்டாயம். சில மாணவர் விடுதிகளில் அலாரம் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கே போகும், வண்டி வந்தால் பில்லும் வரக்கூடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். எண்ணெய் காய்ந்ததும் சூட்டைக் குறையுங்கள். தாளித்ததும் வாணலியையே அடுப்பை விட்டு நகர்த்துங்கள். உணரியைத் துணியால் மூடுவது மட்டும் கூடவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி

வேண்டாம், அந்தச் சத்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு. சனிக்கிழமை பகலிலேயே அரைத்துவிடுங்கள்.

நெய், கறிவேப்பிலை

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும்போது பால் பொருட்களைப் பெட்டியில் கொண்டுவர அனுமதி இல்லை, நெய்யும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பொடிகளை மட்டும் எடுத்து வாருங்கள்.

கான்ஸ்டன்ஸில் மொபைல் டேட்டா

இந்த ஜெர்மன் ஊரை ஒட்டியே சுவிட்சர்லாந்து. அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்தால் சில பிளான்களில் பில் எகிறும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

டிக்கெட்டை ரத்து செய்யாமல் விமானம் ஏறுவது

டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதச் சந்தா. பொதுவாக 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியில் முடியும். 11-ஆம் தேதி ஞாபகம் வந்தால் அடுத்த மாதத்துக்கும் 63 யூரோ போகும். கடைசி மாதம் பிறந்ததும் முதல் வேலையாக ரத்து செய்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். வங்கிக் கணக்கை அதற்குப் பிறகு மூடுங்கள். முன்பே மூடினால் பணம் எடுக்க முடியாமல் கட்டணம் நிலுவையாகி, அதன் மேல் நினைவூட்டல் கட்டணமும் ஏறும்.