தேங்காய் எண்ணெய்ச் சோப்பும் அதன் அசைல் கணக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்னை நிற்கும் வீடுகளில், கொப்பரையைச் செக்கில் கொடுத்து ஆட்டிய எண்ணெய் சமையலுக்குப் போக மீந்துவிடுவதுண்டு. அதைச் சோப்பாக்க விரும்புவோர், எண்ணெயைச் சோப்பாக மாற்றும் காரமான காஸ்டிக் சோடாவின் (சோடியம் ஹைட்ராக்சைடு; இனி சோடா) அளவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசராலோடு மூன்று அசைல் தொகுதிகள் எஸ்டர் பிணைப்பால் இணைந்துள்ளன. கொழுப்பு அமிலத்திலிருந்து ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கினால் எஞ்சுவதே அசைல். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி 12 கார்பன் கொண்ட லாராயில் தொகுதி. நல்லெண்ணெயிலோ பெரும்பாலும் 18 கார்பன் தொகுதிகள். சங்கிலி குட்டையாக இருந்தால் அதே எடையில் தொகுதிகளின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்துச் சோப்பாக்க ஒரு சோடா மூலக்கூறு செலவாகும். ஆகவே 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 91 கிராம் சோடா தேவைப்பட, நல்லெண்ணெய்க்கு 68 கிராமே போதும். நல்லெண்ணெய் கலந்த எண்ணெய்க்குத் தேங்காய் அளவையே போட்டு, மிஞ்சிய காரம் கையை அரித்ததால், ஒருமுறை செய்த கட்டிகள் அனைத்தையும் நான் ஒதுக்க நேர்ந்தது.

நம் உடலில் இதே பிரிப்பை லைப்பேஸ் நொதி செய்கிறது. பிரிந்த லாராயில் தொகுதி கோஎன்சைம் ஏ என்ற துணைநொதியுடன் சேர்ந்து, ஐந்து சுற்றுகளில் இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்பட்டு, ஆறு அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆகிறது. அந்தக் கோஎன்சைமைக் கண்டறிந்த ஃபிரிட்ஸ் லிப்மான் 1953இல் நோபல் பரிசு பெற்றார்.

இனிச் செய்முறை: 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கான 91 கிராமில், சோப்பு தோலுக்கு இதமாக இருக்க 5 விழுக்காடு குறைத்து, 87 கிராம் சோடாவைத் தராசில் நிறுத்து, 175 கிராம் தண்ணீரில் சிறிது சிறிதாக இடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான திண்ணையில், எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள். அலுமினியத்தைச் சோடா அரித்து ஹைட்ரஜனை வெளியிடும். சூடு தணிந்தபின் கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தால், கலவை மெல்லக் கூழ்போல் இறுகும். கரண்டியிலிருந்து வழியும் தாரை மேற்பரப்பில் சற்று நேரம் கோடாகத் தங்கினால் அச்சில் ஊற்றலாம்.

இந்தச் சோப்பு விரைவில் கெட்டியாவதால், அன்றே, கையுறையைக் கழற்றாமல் துண்டு போடுங்கள். தாமதித்தால் கத்தி பட்டதும் பொடிந்துவிடும். துண்டுகளுக்கிடையே இடைவெளி விட்டு அடுக்கி, நான்கு வாரம் உலர்த்துங்கள். நமக்கு ஆனி, ஆடியிலும் ஐப்பசியிலும் மழை என்பதால், அம்மாதங்களில் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்வது நல்லது. உலர்ந்த கட்டியைக் குளச்சல் கடல்நீரில் தேய்த்துப் பாருங்கள்: மற்றச் சோப்புகள் திரிந்துபோகும் அந்த உப்புநீரிலும், குட்டையான லாராயில் சங்கிலியால் இது நுரைக்கும்.