கோல்ஃப் மட்டை பிடித்துக் காய்த்த கை

நான் வலது கை ஆட்டக்காரன்; மட்டையின் மேல்முனையைப் பிடிப்பது இடது கை. இடது உள்ளங்கையில், நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அடியில்தான் காய்த்துப்போனது. காய்ப்பு இருப்பதில் தப்பில்லை. அது தோலுக்குக் கவசம். தடித்து மேடானால்தான் தொல்லை: மட்டை உராயும்போது ஓரம் கிழியும், அடியில் கொப்புளம் கட்டும்.

குளித்ததும் தோல் ஊறியிருக்கும். அப்போது நுரைக்கல்லால் மெல்லத் தேய்ப்பேன். மேடு மட்டமானால் போதும், முழுக்கக் கரைக்கக் கூடாது. பிளேடு பக்கமே போவதில்லை. (சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தேய்க்கவும் வேண்டாம்.) இரவில் யூரியா கலந்த க்ரீம். ஆடப் போகும்முன் தடவினால் பிடி வழுக்கும்.

இவ்வளவு செய்தும் திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் கிரிப், அதாவது மட்டையின் கைப்பிடி உறை. ரப்பர் தேய்ந்து வழவழத்திருந்ததால் கை தானாக இறுக்கிப் பிடித்தது. மாற்றினேன். கையுறையும் தொளதொள, உள்ளே மடிப்பு விழுந்து அதுவே உராய்ந்தது. ஓர் அளவு சிறியதாக, கையோடு ஒட்டி நிற்பதாக வாங்கினேன். மட்டையை உள்ளங்கையிலிருந்து விரல்களுக்கு இறக்கிப் பிடிக்கத் தொடங்கியபின் பழைய மேடு ஏறவில்லை. கட்டைவிரல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரடு இருக்கிறது, வலிக்காததால் விட்டுவிட்டேன்.