பேஸ்பால் பந்தயத்தில் விலை பார்ப்பது எப்படி

2001இல் சியாட்டில் மரினர்ஸ் 162 ஆட்டங்களில் 116ஐ வென்றது. அப்பேர்ப்பட்ட அணியே 46 முறை தோற்றது. 2024இல் 121 தோல்விகளைக் கண்ட சிகாகோ ஒயிட் சாக்ஸும் 41 முறை ஜெயித்தது. அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலில் பணம் கட்டுமுன் இந்த இரண்டு கணக்கும் மனதில் இருக்க வேண்டும். எந்த அணி பலமானது என்பது ஊருக்கே தெரியும். பந்தய நிறுவனம் அதை ஏற்கெனவே விலையில், அதாவது எவ்வளவு கட்டினால் எவ்வளவு லாபம் என்ற கணக்கில், ஏற்றிவிட்டது. அந்த விலை நியாயமா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

முதலில் சட்டம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் தந்த தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவெடுக்கிறது. நியூ ஜெர்சியில் அனுமதி உண்டு. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தியாவில் 2025இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்கிறது. எனவே இது அனுமதியுள்ள மாநிலங்களில் இருப்பவர்களுக்கானது. உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்கள் பக்கம் போகாதீர்கள். ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் முறையிட இடமில்லை.

அடிப்படைப் பந்தயம் மணிலைன், அதாவது எந்த அணி ஜெயிக்கும் என்பது. -150 என்று இருந்தால் 100 டாலர் லாபத்துக்கு 150 கட்ட வேண்டும். +130 என்றால் 100 கட்டினால் லாபம் 130. இதைச் சதவீதமாக மாற்றாமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். மைனஸ் விலைக்கு அந்த எண்ணை, அதனுடன் 100 கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும்: 150 ÷ 250 = 60%. பிளஸ் விலைக்கு 100ஐ அதே மாதிரி வகுக்க வேண்டும்: 100 ÷ 230 = 43.5%. இவை ஒரே ஆட்டத்தின் இரு அணிகளுக்கான விலைகள் என்றால், இரண்டையும் கூட்டும்போது 103.5% வருகிறது. நூறுக்கு மேல் நிற்கும் அந்த 3.5தான் நிறுவனத்தின் கமிஷன். 60ஐ 103.5ஆல் வகுத்தால் 58%. சந்தையின் உண்மையான கணிப்பு அதுதான். ஃபேவரிட் அணிக்கு, அதாவது ஜெயிக்க அதிக வாய்ப்புள்ள மைனஸ் விலை அணிக்கு, உங்கள் சொந்தக் கணிப்பும் 58% என்றால் இந்தப் பந்தயம் வேண்டாம். 60ஐத் தாண்டினால்தான் உங்களுக்கு ஆதாயம்.

சரி, அந்தச் சொந்தக் கணிப்பை எங்கிருந்து எடுப்பது? ஆட்டத்தின் தொடக்கத்தில் பந்து வீசும் ஸ்டார்ட்டிங் பிட்ச்சரிடமிருந்து தொடங்குங்கள். பேஸ்பாலில் ஒரே அணியின் விலை நாளுக்கு நாள் மாறுவதற்கு முதல் காரணம் அவர்தான். பலரும் அவருடைய ஈ.ஆர்.ஏ.வை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பேரில் எழுதப்படும் ரன்களின் சராசரி அது, குறைந்தால் நல்லது. அந்த எண்ணில் ஃபீல்டர்களின் திறமையும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கின்றன. அதே அளவில் படிக்க வேண்டிய எஃப்.ஐ.பி. என்ற எண் பிட்ச்சரின் கையில் உள்ளதை மட்டும் எடுக்கிறது: ஹோம் ரன்னை 13ஆலும், வாக்கையும் (நான்கு தவறான பந்துகளுக்கு பேட்டர் இலவசமாகப் பெறும் முதல் பேஸ்) பேட்டரின் உடம்பில் பட்ட பந்தையும் சேர்த்து 3ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக் அவுட்டின் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) இரு மடங்கைக் கழித்து, அவர் வீசிய இன்னிங்ஸால் வகுத்து, சுமார் 3.1ஐச் சேர்க்க வேண்டும். 60 இன்னிங்ஸில் 9 ஹோம் ரன், வாக்கும் உடம்பில் பட்டதும் சேர்த்து 21, 60 ஸ்ட்ரைக் அவுட் என்றால்: 117 + 63 − 120 = 60; வகுத்தால் 1; எஃப்.ஐ.பி. 4.10. இதே பிட்ச்சரின் ஈ.ஆர்.ஏ. 2.90 என்று காட்டினால், அவரை நம்பிப் பணம் கட்டும் கூட்டம் அதிக விலை கொடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். சீசன் தொடக்கத்தில், மே மாதம் வரை, இத்தகைய இடைவெளிகள் அதிகம், ஏனெனில் அப்போது இன்னிங்ஸ் எண்ணிக்கை குறைவு.

ஸ்டார்ட்டர் பொதுவாக ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ்தான் வீசுகிறார். மீதி புல்பென்னின், அதாவது பிறகு வந்து வீசும் ரிலீவர்கள் குழுவின், பொறுப்பு. கடந்த இரண்டு நாட்களில் எந்த ரிலீவர் எத்தனை பந்து வீசினார் என்று ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலான பாக்ஸ் ஸ்கோரில் பாருங்கள். அடுத்தடுத்து இரு நாள் வீசியவர் மூன்றாம் நாள் பெரும்பாலும் வரமாட்டார். ஸ்டார்ட்டர் வலுவாகவும் புல்பென் களைத்தும் இருந்தால், முதல் ஐந்து இன்னிங்ஸுக்கு மட்டுமான பந்தயம் உண்டு, அதுவே பொருத்தம்.

பந்தயம் கட்டும் திரையில் பிட்ச்சர் பெயருக்கு அருகில் உள்ள விதியைக் கட்டாயம் படியுங்கள். ‘லிஸ்டட்’ என்று கட்டினால், அறிவித்த பிட்ச்சர் கடைசி நேரத்தில் விலகும்போது பணம் திரும்பி வரும். ‘ஆக்‌ஷன்’ என்றால் பந்தயம் செல்லுபடியாகும், யார் வீசினாலும். புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்.

ரன் லைன் என்ற பந்தயத்தில் ஃபேவரிட் அணி குறைந்தது இரண்டு ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும், அதாவது -1.5. விலை கவர்ச்சியாக இருக்கும், ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. சொந்த மைதானத்தில் ஆடும் அணி ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதி முடிந்தபோது முன்னிலையில் இருந்தால் மறுபடி பேட் செய்யாது. ஒரு ரன் முன்னிலையைப் பெருக்க அதற்கு வாய்ப்பே கிடைக்காது. வெளியூர் ஃபேவரிட்டுக்கு ஒன்பது இன்னிங்ஸும் நிச்சயம். ஆகவே -1.5 எடுப்பதென்றால் வெளியூர் அணியிடம் எடுப்பதே மேல்.

மொத்த ரன் பந்தயத்தில், அதாவது இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் ரன் நிறுவனம் சொன்ன எண்ணைத் தாண்டுமா என்பதில், மைதானமும் காற்றும் பேசும். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. மெல்லிய காற்றில் பந்து தூரம் போகும், வளைவுப் பந்து குறைவாக வளையும். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் காற்று வெளிநோக்கி அடிக்கிறதா உள்நோக்கியா என்பது தெரிந்த பிறகே பல நிறுவனங்கள் எண்ணை வெளியிடும். கூர்ஸின் உயரம் எல்லாருக்கும் தெரிந்தது, விலையிலேயே இருக்கிறது. அன்றைய காற்று, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயர், பகல் ஆட்டத்தில் முதன்மை கேட்ச்சருக்கு ஓய்வு போன்ற கடைசி நேரத் தகவல்தான் உதவும்.

பல ஆட்டங்களைச் சேர்த்து, எல்லாம் ஜெயித்தால்தான் பணம் தரும் பார்லேயை விட்டுவிடுங்கள். -110 விலையில் மூன்றைச் சேர்த்தால் 100 டாலருக்குத் திரும்புவது சுமார் 696. மூன்றும் சரிபாதி வாய்ப்புள்ளவை என்றால் நியாயமான தொகை 800. கமிஷன் 13 சதவீதத்தைத் தொடுகிறது. தனி ஆட்டத்தில் அது 4.5. ஒரே பந்தின் முடிவுக்குக் கட்டும் பந்தயமும் வேண்டாம். முறைகேட்டுக்கு எளிதில் இடம் தரும் என்பதால் 2025 நவம்பரில் அதற்கு 200 டாலர் உச்சவரம்பு வந்தது.

இழந்தால் பிழைப்பு பாதிக்காத ஒரு தொகையை ஒதுக்கி, ஒரு பந்தயத்துக்கு அதில் 1 சதவீதம் மட்டும் வையுங்கள்: 1,000 டாலருக்கு 10. தோற்றதும் இரட்டிப்பாக்கும் பழக்கம் ஆளை விழுங்கும். 10 டாலரில் தொடங்கி ஏழு தோல்வி தொடர்ந்தால் போனது 1,270 டாலர். சீசனில் மொத்தம் 2,430 ஆட்டங்கள், அப்படித் தொடர் தோல்வி வரத்தான் செய்யும். ஆப்பில் வாராந்திர டெபாசிட் வரம்பை முதல் நாளே வையுங்கள். இழந்ததைப் பிடிக்க நினைத்தாலோ, வீட்டில் மறைக்கத் தொடங்கினாலோ 1-800-426-2537 எண்ணில் அமெரிக்காவில் இலவசமாகப் பேசலாம்.

ஒவ்வொரு பந்தயத்தையும் எழுதி வையுங்கள்: தேதி, விலை, உங்கள் சதவீதம், ஆட்டம் தொடங்கும்போது இருந்த கடைசி விலை. +130க்கு வாங்கியது +115இல் முடிந்தால், 43.5%க்கு வாங்கியதைச் சந்தை பிறகு 46.5% என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அன்று தோற்றிருந்தாலும் கணிப்பு சரி. 200 பந்தயங்களில் பாதிக்கு மேல் கடைசி விலை உங்களுக்கு எதிராகப் போயிருந்தால், லாபத்தில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.