தாக்குதலுக்குப் பின் நனைந்த பதிவேடுகளை மீட்பது எப்படி?

2022 மார்ச் 1 அன்று உக்ரைனின் கார்கிவ் மாகாண நிர்வாகக் கட்டடத்தை ரஷ்ய ஏவுகணை தாக்கியது. இத்தகைய தாக்குதலில் தீயிலிருந்து தப்பும் காகிதமும் தீயணைப்புத் தண்ணீரில் ஊறிப்போகும். ஊட்டி தாலுகா அலுவலகத்துக்கு அப்படி நேர்ந்தால், மக்களின் நிலத்துக்குச் சாட்சியான ஏ பதிவேட்டையும் புல வரைபடங்களையும் முதலில் காப்பாற்ற வேண்டும்.

வெடிக்காத குண்டு இல்லை, சுவர் தாங்கும் என்று உரியவர்கள் உறுதி சொல்லும்வரை உள்ளே போகாதீர்கள். அதன்பின் தாமதிக்க வேண்டாம். ஈரக் காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கலாம்; துணியே காயாத ஊட்டி மழையில் இது இன்னும் மோசம்.

லேசாக ஈரமானதற்குச் சுமார் 10 தாளுக்கு ஓர் உறிஞ்சுதாள் வைத்து, நனைய நனைய மாற்றுங்கள். அச்சடித்த செய்தித்தாளின் மை ஒட்டிக்கொள்ளும். மின்விசிறியை நேராகத் திருப்பாதீர்கள். ஹீட்டர் வைத்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும்.

நன்றாக ஊறியதைத் திறக்கவே கூடாது, தாள் பிய்ந்துவிடும். மையைத் துடைக்கவும் வேண்டாம். மெழுகுத்தாளில் சுற்றி, கிராமத்தின் பெயரைப் பென்சிலில் எழுதிய சீட்டுடன், காய்கறி கிரேட்டில் முதுகுப்பக்கம் கீழே இருக்க ஒரே வரிசையாக அடுக்குங்கள். மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரே நல்லது. காய்கறிக் குளிர்கிடங்கு உறைய வைக்காது. உறைந்த கட்டு மாதக்கணக்கில் தாங்கும், கரண்ட் போகாமல் ஜெனரேட்டர் இருந்தால்.