ஜீ.எஸ்.ஸிடம் எதற்கு, மெம்பரிடம் எதற்கு

இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு அப்பால் ஒரு சின்ன பஜாரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி எடுக்க வருபவர்களில் பாதிப் பேர், "தம்பி, அப்படியே ஒரு கடிதமும் எழுதிக் குடுங்க" என்பார்கள். 11 வருடமாக எழுதுகிறேன். கடிதத்தில் பிழை வருவது குறைவு. அது போய்ச் சேரும் இடம்தான் பெரும்பாலும் பிழைக்கிறது.

அதனால் பேனையை எடுக்குமுன் ஒன்று கேட்பேன்: உங்களுக்கு வேண்டியது கையெழுத்தா, காசா?

வதிவிடச் சான்றிதழ், நற்சான்றிதழ், வாக்காளர் பதிவு எல்லாம் கையெழுத்து. அதற்கு ஜீ.எஸ்.ஸிடம், அதாவது கிராம அலுவலரிடம் போங்கள். அவர் பரீட்சை எழுதி நியமனம் பெற்றவர். எந்த நாளில் இருப்பார் என்று ஆபீஸ் கதவில் ஒட்டியிருக்கும். பார்த்துவிட்டுப் போனால் அரைநாள் சம்பளம் மிஞ்சும். தோட்டத்து ஆட்களின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் துரையும், அதாவது தோட்ட மேலாளரும், உறுதிப்படுத்தலாம். நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த பிரதேச சபை மெம்பரின் கடிதத்தலைப்போடு சான்றிதழ் கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தில் கடைக் கணக்கு எழுதலாம், வேறெதற்கும் ஆகாது.

லயத்துக் கான் (தோட்டத்து வரிசை வீடுகளின் வடிகால்), வீதி விளக்கு, மயானத்துப் பாதை என்றால் காசு. அது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தை வைத்துக்கொண்டு "தோட்டத்துக்குள் எங்களால் செலவழிக்க முடியாது" என்று நெடுங்காலம் கைவிரித்தார்கள். 2018இல் அதைத் திருத்தியாகிவிட்டது. இன்னும் யாராவது அந்தப் பழைய கதையைச் சொன்னால் திருத்தம் வந்த வருடத்தைச் சொல்லுங்கள். கடிதத்தைச் சபைத் தலைவரான தவிசாளர் பேருக்கு எழுதி, மெம்பருக்கும் செயலாளருக்கும் தோட்ட ஆபீஸுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். "எங்கள் பகுதி மிகவும் பின்தங்கியது" என்று தொடங்க வேண்டாம். எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் லயம், எத்தனை குடும்பம், கான் எத்தனை அடி உடைந்திருக்கிறது, அது போதும். மழை பெய்யும்போது எடுத்த படம் இரண்டு வையுங்கள். அடுத்த வருடத்துப் பாதீடு (பட்ஜெட்) டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும், அதனால் செப்டெம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். ஜனவரியில் கொண்டுபோனால் ஒரு வருடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் கவுண்டி ஷெரிப்பையும், சில இடங்களில் பிரேத விசாரணை செய்பவரையும்கூட வாக்குப் போட்டுத்தான் தெரிவு செய்கிறார்கள். இங்கேயும் ஜீ.எஸ்.ஸுக்குத் தேர்தல் வைத்தால் என்ன என்று ஒருநாள் கடையில் பேச்சு வந்தது. வேண்டவே வேண்டாம் என்றேன். என் பிள்ளையின் நற்சான்றிதழ், நான் யாருக்குப் புள்ளடி போட்டேன் என்பதில் தொங்கக் கூடாது.

அப்படியென்றால் சபையையும் அதிகாரிகளிடமே விட்டுவிடலாமே என்று ஒரு மாமா கேட்டார். அதையும் பார்த்தாயிற்று. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, 2025 மேயில்தான் தேர்தல் வந்தது. இடையில் செயலாளர்கள் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் ஒரு லயத்துக் கானுக்காக நான் மூன்று கடிதம் எழுதினேன். மரியாதையாக வாங்கி முத்திரை குத்தினார்கள். கான் அப்படியே கிடந்தது. அதிகாரிக்கு மாற்றம் வந்தால் போய்விடுவார். தேத்தண்ணிக் கடையில் வைத்து ஏசுவதற்கு ஆள் இல்லை. மெம்பர் எவ்வளவு மோசமானவராக இருந்தாலும் அடுத்த தேர்தலுக்கு அதே கடைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். "இன்ன திகதியில் கொடுத்த கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

எதைக் கொடுத்தாலும் இன்னொரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கொப்பிக்கு என் கடையில் பத்து ரூபாய்.