வேலை செய்யாத கீ, திரும்பி வந்த பணம்

எங்கள் ஊர் செங்கோட்டை. புளியரை தாண்டினால் கேரளா. தம்பி பிறந்தநாளுக்கு ஆன்லைனில் மலிவாக விற்கும் ஒரு கடையில் 649 ரூபாய்க்கு ஸ்டீம் கேம் கீ வாங்கினேன். ஸ்டீம் என்பது கணினி கேம்களை விற்கும் இணையதளம்; கீ என்பது அங்கே அடித்து கேமைப் பெறும் குறியீடு. அடித்துப் பார்த்தால், ஏற்கெனவே வேறு கணக்கில் பயன்படுத்தியாகிவிட்டது என்று திரையில் சிவப்பு எழுத்து. அவன் முகமே வாடிவிட்டது. எட்டு மெயில் போட்டேன். எட்டுக்கும் ஒரே தானியங்கிப் பதில். வயிறெரிந்தது.

2020 மின்வணிக விதிப்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஆன்லைன் கடையின் குறைதீர் அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ரசீது, ஸ்கிரீன்ஷாட், மெயில் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், தமிழிலேயே. புகார் எண்ணைக் கடைக்கும் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் முழுப் பணமும் கணக்கில் ஏறியது. தம்பிக்கு அதே கேமை ஸ்டீமிலேயே வாங்கிக் கொடுத்தேன்.